ஸ்டிக்கரில் 4 ஓம், உள்ளே 2.3 ஓம்: பழைய பேஸ் கேபினெட் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

தென்மாவட்டத் தேவாலயப் பாடகர் குழு ஒன்றுக்கு, பழைய இசைச் சாமான் விற்கும் கடை ஒன்று பேஸ் கிட்டார் ஆம்பையும் (ஆம்ப்ளிஃபையர்) 8×10 கேபினெட்டையும் (ஸ்பீக்கர் பெட்டி) ஜோடியாக விற்றது. "கேபினெட் 800 வாட், 4 ஓம். ஆம்ப் 2000 வாட், அதுவும் 4 ஓம். ரெண்டும் கச்சிதமாப் பொருந்தும் அண்ணே, கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். (ஓம் என்பது கரண்டுக்குக் காட்டும் தடையின் அளவு; அது குறைந்தால் ஆம்பின் சுமை கூடும்.) அசனப் பண்டிகை ஆராதனையில் சில பாட்டு முடிவதற்குள் ஆம்ப் புரொடெக்‌ஷனுக்குப் போய் (தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்து) நின்றுவிட்டது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "உங்க ஊர்ல கரண்ட் ஏறி இறங்குது". அவுட்புட் ட்ரான்சிஸ்டர் மாற்றியதாக ஒரு பில். அதன்பின் ஆம்ப் நிற்கவில்லை. ஆனால் கேபினெட்டின் அடிவரிசை ஸ்பீக்கர் இரண்டும் கருகிப்போயின. இந்த முறை கடையில் வேறு பேச்சு: "ஆம்ப்ல பவர் பத்தல. பவர் கம்மியா இருந்தா ஸ்பீக்கர் எரிஞ்சிடும். 3000 வாட் ஒண்ணு இருக்கு, பழச எடுத்துக்கிறோம், மீதியக் குடுங்க." வாரண்டியைக் கேட்டால், எரிந்துபோனதற்கு வாரண்டி கிடையாதாம்.

இதில் ஒரு வரிகூட உண்மை இல்லை. சாமானைப் பிரித்ததில் தெரிந்ததை அளவுகளோடு எழுதுகிறோம். இதே மாதிரி ஜோடி இன்னும் பல குழுக்களுக்குப் போயிருக்கும் என்ற கவலைதான் காரணம்.

முதலில் கேபினெட். 8×10 பெட்டியில் 10 அங்குல ஸ்பீக்கர் எட்டு இருக்கும். இந்த வகைக்கு முன்னோடி 1969-இல் அம்பெக் நிறுவனம் எஸ்விடி ஆம்போடு கொண்டுவந்தது. அந்த வால்வு ஆம்ப் 300 வாட். அன்றைய பெட்டி ஒன்று 240 வாட்தான் தாங்கும் என்பதால் இரண்டு பெட்டி போட்டு வாசிக்கச் சொன்னார்கள். பின்னாளில் வந்த 810இ பெட்டி 800 வாட் ஆர்எம்எஸ் (விடாமல் தாங்கும் சராசரி அளவு), 4 ஓம். அதாவது ஸ்பீக்கர் ஒன்றுக்கு 100 வாட். எட்டும் பேரலல் இணைப்பு, அதாவது எல்லாமே பக்கம்பக்கமாக ஒரே ஒயர் ஜோடியில். எட்டு ஸ்பீக்கர் பேரலலில் 4 ஓம் வரவேண்டுமானால் ஒவ்வொன்றும் 32 ஓமாக இருந்தாக வேண்டும். ஏமாற்று நடந்த இடம் இதுதான்.

நம் ஊர் ரீகோன் கடைகளில் (பழைய ஸ்பீக்கருக்குக் கோனும் காயிலும் மாற்றித் தரும் கடைகள்) 32 ஓம் காயில் சாதாரணமாகக் கிடைக்காது. 8 ஓம் காயில் எப்போதும் கையிருப்பில் இருக்கும். இந்தப் பெட்டியில் அடிவரிசை ஸ்பீக்கர் இரண்டுக்கும் முன்னமே ரீகோன் ஆகியிருந்தது. ஃபிரேம், காந்தம், பின்னால் ஒட்டிய 32 ஓம் ஸ்டிக்கர் எல்லாம் ஒரிஜினல். உள்ளே இறக்கியிருந்தது 8 ஓம் காயில். முன்பக்கத் துணிச்சட்டத்தைக் கழற்றி டார்ச் அடித்தாலே வித்தியாசம் தெரிகிறது: மேலே உள்ள ஆறின் டஸ்ட் கேப் மங்கிய கறுப்பு, கீழே உள்ள இரண்டில் பளபளப்பு, விளிம்பில் மஞ்சள் பசை வழிந்து காய்ந்திருக்கிறது. துணியைப் போட்டு மூடிவிட்டால் யாருக்குத் தெரியும்?

இதனால் என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 32 ஓம் ஆறு பேரலலில் 5.33 ஓம். 8 ஓம் இரண்டு பேரலலில் 4 ஓம். இரண்டும் சேர்ந்தால் சுமார் 2.3 ஓம். 4 ஓமுக்குக் குறையக் கூடாது என்று பின்னால் எழுதியிருக்கிற ஆம்பின் தலையில் இந்தச் சுமை ஏறுகிறது. அதைவிட மோசம், பவர் பங்கு பிரிகிற விதம். பேரலலில் எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே வோல்ட்தான் வரும். ஓம் குறைந்தது அதிகம் இழுத்துக்கொள்ளும். 4 ஓமில் 450 வாட் கொடுக்கிற ஆம்ப் என்றால் முழு வேகத்தில் சுமார் 42 வோல்ட். அதில் 32 ஓம் காயிலுக்குப் போவது 56 வாட், 8 ஓம் காயிலுக்குப் போவது 225 வாட். ஆறு ஸ்பீக்கர் பாதி வேலைதான் பார்க்கின்றன. மீதி இரண்டும், 100 வாட் தாங்கும் இடத்தில் இரண்டேகால் மடங்கு வாங்கிக் கருகின. "பவர் பத்தல" என்ற கதைக்கு இங்கே இடமே கிடையாது.

இனி ஆம்ப். 450 வாட் என்று நாங்கள் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. முகப்பில் 2000 என்று பெரிதாக எழுதியிருந்ததே தவிர, உள்ளே பவர் சப்ளை பிளஸ் 65, மைனஸ் 65 வோல்ட். ட்ரான்சிஸ்டர் தன் பங்குக்கு விழுங்குவது போக 60 வோல்ட் உச்சம் கிடைக்கும். 60-ஐ 60-ஆல் பெருக்கி, ஓமின் இரண்டு மடங்கால், அதாவது 8-ஆல் வகுத்தால் 450. எந்த ட்ரான்சிஸ்டர் ஆம்புக்கும் இந்தக் கணக்கு பொருந்தும் (இரண்டு சேனலைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் பிரிட்ஜ் இணைப்புக்கு மட்டும் வேறு). மூடியைத் திறக்க வழியில்லை என்றால் பின்னால் ஃப்யூஸைப் பாருங்கள். இதில் 5 ஆம்பியர். 230 வோல்டில் அது 1150 வாட். சுவரிலிருந்து 1150 வாட் எடுக்கிற பெட்டி விடாமல் 2000 வாட் வெளியே தள்ளாது. கிளாஸ் ஏபி ஆம்பில், எடுப்பதில் கணிசமான பங்கு ஹீட்சிங்கில் சூடாகவே போய்விடும். பீக், பிஎம்பிஓ (கண நேர உச்சத்தைப் பெரிதாக்கிக் காட்டும் எண்கள்) என்று எந்தப் பெயரில் எண்ணைப் போட்டாலும் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 4 ஓமில் ஆர்எம்எஸ் எத்தனை வாட்? பதில் சொல்லத் தயங்கினால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடலாம்.

2.3 ஓமில் இந்த ஆம்பின் உச்சக் கரண்ட் 15 ஆம்பியரிலிருந்து 26 ஆம்பியருக்கு ஏறுகிறது. அவுட்புட் ட்ரான்சிஸ்டரில் சூடு முக்கால் பங்கு கூடுகிறது. எனவே புரொடெக்‌ஷன் நிறுத்தியது சரியான வேலை. கரண்ட் ஏறி இறங்குவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்து பார்த்ததுதான் எங்களை உண்மையில் கோபப்படுத்தியது. சர்வீஸ் என்ற பெயரில், ஸ்பீக்கருக்குப் போகும் புரொடெக்‌ஷன் ரிலேயின் இரண்டு காலையும் போர்டின் அடியில் ஒரு தடித்த கம்பியால் பாலம் போட்டு ஈயம் வைத்திருந்தார்கள். அதனால்தான் பிறகு ஆம்ப் நிற்கவே இல்லை. அந்த ரிலே எதற்கு இருக்கிறது? ஒரு அவுட்புட் ட்ரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் 65 வோல்ட் டிசி (ஒரே திசைக் கரண்ட்) நேராக ஸ்பீக்கருக்குப் பாயும். 8 ஓம் காயிலின் டிசி ரெசிஸ்டன்ஸ் 6 ஓம் என்று வைத்தால் 700 வாட். கோன் ஒரு பக்கமாக விறைத்து நிற்க, ஃப்யூஸ் போவதற்குள் காயில் கரியாகிவிடும். ரிலே இருந்தால் கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். பாலம் போட்ட ஆம்ப், நல்ல கேபினெட்டையும் எரிக்கும். தேவாலயம் மாதிரி மரமும் துணியும் உள்ள இடத்தில் அது தீயாகவும் முடியலாம்.

பில்லில் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 என்ற அவுட்புட் ட்ரான்சிஸ்டர் ஜோடி ஒரிஜினல் என்று போட்டிருந்தது. இந்த ஜோடிக்கு நம் சந்தையில் போலி ஏராளம். மேல் எழுத்தைப் பார்த்து நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஷார்ட் ஆனதைக் கழற்றி உடைத்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லு, ஒரிஜினலில் இருப்பதைவிடப் பாதிக்கும் சிறியதாக இருந்தது. சர்வீஸுக்குக் கொடுக்கும்போதே "மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும்" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

பவர் குறைந்த ஆம்ப் ஸ்பீக்கரை எரிக்கும் என்ற பேச்சைக் கடைகள் மட்டுமல்ல, வாசிப்பவர்களும் நம்புகிறார்கள். பவர் குறைவு எதையும் எரிக்காது. 450 வாட் ஆம்பை வால்யூம் திருகி முழுக்கக் கிளிப் ஆகவிட்டால் (அலையின் முனை வெட்டுப்பட்டால்), சதுர அலையாக மாறி ஏறக்குறைய 900 வாட் வரை போகலாம். 800 வாட் பெட்டியில் அதையே விடாமல் வாசித்தால்தான் ஆபத்து. பாட்டில் அப்படி நடப்பதில்லை. ட்வீட்டர் உள்ள கேபினெட்டில் மட்டும் கிளிப்பிங் ட்வீட்டரைக் கொல்லும், உயர் அதிர்வெண் அதில்தானே போய்ச் சேர்கிறது. ஆக, 800 வாட் 4 ஓம் பெட்டிக்கு 4 ஓமில் 400 வாட் ஆர்எம்எஸ் ஆம்ப் தாராளம். சுத்தமான சத்தத்துக்கு இடம் வைக்க விரும்பினால் 800 வரை போகலாம். 1200-க்கு மேல் போட்டு, ஈகியூவில் லோ பேஸை ஏற்றி வாசித்தால் காயில் சூடாவதற்கு முன்பே கோன் தன் எல்லையைத் தாண்டி அடிக்கத் தொடங்கும். ஈ கம்பியின் அடிநாதம் 41 ஹெர்ட்ஸ், ஐந்து கம்பி பேஸின் பி கம்பி 31 ஹெர்ட்ஸ். துளையில்லாத பெட்டி கோனைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். துளை உள்ள பெட்டியில் டியூனிங்குக்கு (துளை ஒத்திசைக்கும் அதிர்வெண்) கீழே பிடிப்பே இருக்காது. 30 ஹெர்ட்ஸ் அருகே ஹைபாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழான அதிர்வெண்ணை வெட்டுவது) போடாமல் வாசிக்காதீர்கள். இன்னொன்று: வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான். 3000 வாட் என்று ஆசை காட்டுகிறவர் இதைச் சொல்ல மாட்டார்.

மேடை ஒலிபெருக்கிக்கான பிஏ பவர் ஆம்பை "பிரிட்ஜ் பண்ணா 1500 வாட்" என்று பேஸுக்கு விற்பதும் நடக்கிறது. பிரிட்ஜில் 8 ஓமுக்குக் குறையக் கூடாது என்று பின்னால் எழுதியிருந்தால் 4 ஓம் பெட்டியை அதில் மாட்டவே கூடாது. ஒவ்வொரு சேனலும் அதை 2 ஓமாகத்தான் உணரும். இரண்டு 4 ஓம் பெட்டி சேர்த்தால் 2 ஓம், 8-உம் 4-உம் சேர்த்தால் 2.67. ட்ரான்சிஸ்டர் ஆம்புக்கு ஓம் கூடினால் பவர் குறையும், கேடில்லை. வால்வு ஆம்பில் பின்னால் உள்ள ஓம் சுவிட்ச் பெட்டியோடு பொருந்த வேண்டும். ஸ்பீக்கர் மாட்டாமல் ஆன் செய்து வாசித்தால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

வாங்கப் போகும்போது சாதாரண மல்டிமீட்டர், 9 வோல்ட் பேட்டரி, ஸ்பீக்கர் ஒயர் மூன்றும் கொண்டு போங்கள். முதலில் மீட்டரின் இரண்டு முனையையும் தொட வைத்து, அது காட்டும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். 4 ஓம் பெட்டி மீட்டரில் 3.2 முதல் 3.6 வரை காட்டும். டிசி ரெசிஸ்டன்ஸ் எப்போதும் ஓம் கணக்கைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இந்தப் பெட்டி காட்டியது 1.8. அந்த ஒரு அளவே வியாபாரத்தை நிறுத்தப் போதும். 4.3-க்கு மேல் காட்டினால் இரண்டு ஸ்பீக்கராவது ஏற்கெனவே செத்திருக்கலாம். சந்தேகம் வந்தால் ஸ்பீக்கரைக் கழற்றி ஒயரை எடுத்துவிட்டுத் தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள்: 32 ஓம் என்றால் 26 அருகே, 8 ஓம் என்றால் 6 அருகே.

பிறகு 9 வோல்ட் பேட்டரியை ஜாக்கில் ஒரு நொடி தொடுங்கள். எட்டு கோனும் ஒரே திசையில் நகர வேண்டும். ஒன்று எதிர்த்திசையில் போனால் அதன் ஒயர் மாறியிருக்கிறது. பேஸ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மெலிந்துவிடும். கோனின் இரண்டு பக்கமும் விரல் வைத்துச் சமமாக அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால் காயில் வீங்கியிருக்கலாம். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் வைத்து 40-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றிக் கேளுங்கள். ஜாக் பிளேட், திருகாணி ஓரம் "புஸ்" என்று காற்று வந்தால் பெட்டி ஒழுகுகிறது. ஆம்புக்கு: ஸ்பீக்கர் மாட்டாமல் (ட்ரான்சிஸ்டர் ஆம்பில் மட்டும்) அவுட்புட்டில் டிசி வோல்ட் அளந்தால் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஆன் செய்ததும் ஓரிரு நொடியில் ரிலேயின் "டிக்" கேட்க வேண்டும். வழக்கமாக ரிலே உள்ள மாடலில் அது கேட்கவில்லை என்றால் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். ஆம்புக்கும் கேபினெட்டுக்கும் நடுவே கிட்டார் கேபிள் போட்டுக் காட்டினால் ஒத்துக்கொள்ள வேண்டாம், 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத இரட்டைக் கம்பி ஸ்பீக்கர் ஒயர்தான் வேண்டும்.

பில்லில் "நல்ல நிலையில் உள்ளது" என்ற வரி எதற்கும் உதவாது. கேபினெட் எத்தனை ஓம், மீட்டரில் காட்டிய அளவு, ஆம்ப் 4 ஓமில் எத்தனை வாட் ஆர்எம்எஸ், ரீகோன் ஆன ஸ்பீக்கர் எத்தனை என்று எழுதி வாங்குங்கள். அந்தப் பில் இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து தொடங்கலாம். அதில் தீரவில்லை என்றால், கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை ரூ.5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.

இதே நிலையில் ஏற்கெனவே பெட்டி வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டின் ஒயரையும் கழற்றி டேப் சுற்றிவிட்டு, ஸ்பீக்கரை மட்டும் இருந்த இடத்திலேயே விடுங்கள். எடுத்தால் ஓட்டை விழும். மீதி ஆறில் 5.33 ஓம், 600 வாட் தாங்கும் பெட்டி கிடைக்கும். இந்த வகைப் பெட்டிக்குள் இரண்டிரண்டு ஸ்பீக்கருக்கு ஒரு அறை வீதம் நான்கு அறைகள் உண்டு. பழுதான இரண்டும் ஒரே அறையில் இருந்தால் தொல்லையே இல்லை. வெவ்வேறு அறை என்றால், ஒயர் கழற்றிய கோன் பக்கத்து ஸ்பீக்கரின் காற்றில் ஆடி பேஸைக் குழப்பும். அவை இரண்டையும் ஒரே அறைக்கு மாற்றிவிட வேண்டும். நிரந்தரமாகச் சரிசெய்ய 32 ஓம் காயில் வரவழைப்பதே நல்லது. அது கிடைக்கவே இல்லை என்றால், எட்டையும் ஒரே மாதிரி 8 ஓம் ஸ்பீக்கராக மாற்றி, இரண்டிரண்டாக சீரீஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) இணைத்து, அந்த நான்கு ஜோடியையும் பேரலலில் போட்டால் மறுபடி 4 ஓம் வந்துவிடும். துளையில்லாத சிறிய அறைக்கு ஏற்ற ஸ்பீக்கர்தானா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குழுவின் பெட்டி இப்போது ஆறு ஸ்பீக்கரில் ஓடுகிறது. ஆம்பில் ரிலேயின் பாலம் எடுக்கப்பட்டு, வேறிடத்தில் வாங்கிய ட்ரான்சிஸ்டர் போட்டாயிற்று. கருகிய காயில் இரண்டு, பாலம் போட்ட கம்பி, உடைத்த போலி ட்ரான்சிஸ்டர் எல்லாம் மீட்டர் அளவு தெரிகிற போட்டோக்களோடு ஒரு கவரில் புகாருக்காக வைக்கப்பட்டிருக்கின்றன.