திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வாழையிலைப் பார்சல்

பாடலீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் சிறிய டிபன் கடைக்கு மூன்று மாதமாக வாரம் இரண்டு நாள் போகிறேன். நான்கு மேசை, வாசலில் வடைச்சட்டி, பெயர்ப்பலகை கிடையாது. மெதுவடை நன்றாக இருக்கிறது. பொங்கலில் மிளகு தாராளம், நெய் கொஞ்சம் குறைவு. ஆனால் நான் எழுத வந்தது அவர்கள் கட்டித் தரும் பார்சலைப் பற்றி.

தோசையோ வடையோ, வாழையிலையில் வைத்துத்தான் கட்டுகிறார்கள். கட்டுகிற அம்மா இலையை அடுப்பனலில் ஒரு வாட்டு வாட்டிக்கொள்கிறார். பளிச்சென்ற பச்சை கறுத்து, இலை துணிபோலத் துவண்டுவிடும். வாட்டாத இலையை மடித்தால் நரம்போடு கிழிந்து எண்ணெய் ஒழுகும். வெளியே ஒரு பழுப்புத் தாள், அதன்மேல் நூல். வீட்டுக்கு வந்து பிரிக்கும்போது வடையின் மணத்தோடு இலையின் மணமும் சேர்ந்து வரும்.

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஓர் அட்டைப்பெட்டிப் பட்டறையில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை வந்ததும், எண்ணெய் இறங்காத தாள்பெட்டி வேண்டுமென்று கடைக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். எண்ணெய் ஏன் இறங்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை. ஏற்றுமதிக்கு வாங்கிய ஒருவர், ஃபுளூரின் சேர்க்கவில்லை என்று சான்று கேட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது.

தாளின்மேல் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் படலம் ஒட்டிய தாளில் எண்ணெய் உள்ளே இறங்காது, ஆனால் மேலே படரும். சில தாள்களில் மட்டும் படரவே படராமல் முத்தாக உருண்டு நிற்கும். அப்படி நின்றால் பி.எஃப்.ஏ.எஸ். என்ற ஃபுளூரின் சேர்மங்கள் பூசியதோ என்று சந்தேகப்பட வேண்டும். சென்ற மாதம் வேறொரு கடையில் வாங்கிய பெட்டியில் சோதித்தேன். இரவு விட்ட சொட்டு காலையிலும் அப்படியே உருண்டையாக இருந்தது.

கார்பனும் ஃபுளூரினும் பிணைந்தால் வெயிலோ மழையோ மண்ணின் நுண்ணுயிர்களோ அந்தப் பிணைப்பை எளிதில் அறுக்க முடியாது. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.ஏ. உடலுக்குள் போனால், ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆகும். 2023 இறுதியில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. உணவுத் தாள்களில் பி.எஃப்.ஏ.எஸ். சேர்ப்பதை டென்மார்க் 2020 ஜூலையிலேயே தடை செய்துவிட்டது. சூடும் எண்ணெயும் சேர்ந்தால் இது தாளிலிருந்து உணவுக்குள் இன்னும் எளிதாக இறங்கும். சட்டியிலிருந்து எடுத்த வடையில் இரண்டுமே இருக்கின்றன.

இது உடம்புக்குள் வரும் ஒரே வழி பார்சல் தாள் அல்ல. குடிநீர், மீன், மழைக்கோட்டு, வீட்டுத் தூசி என்று பல வழிகள் உண்டு. என் கைக்கு எட்டியது இந்த ஒன்றுதான். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், பேரனுக்கு மூன்று மாதம். தாயின் ரத்தத்தில் இருப்பது பாலிலும் கொஞ்சம் வரும். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது, அதன் நன்மை மிகப் பெரிது. ஏழு ஆசிய நாடுகளில் தாய்ப்பாலைச் சோதித்து 2008இல் வெளிவந்த ஆய்வில், இதே குடும்பத்தைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.எஸ். என்ற சேர்மத்தின் சராசரி அளவு மிகக் குறைவாக இருந்தது இந்தியாவில்தான், மிக அதிகம் ஜப்பானில். அந்தக் குறைவு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நிலைக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

கடையில் எனக்கு ஒரே ஒரு குறை. கொதிக்கிற சாம்பாரை மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஊற்றி முடிச்சுப் போடுகிறார்கள். சொன்னேன். தூக்கு கொண்டுவந்தால் ஒரு கரண்டி கூடவே ஊற்றுகிறேன் என்றார் அந்த அம்மா. இப்போது எவர்சில்வர் தூக்கோடுதான் போகிறேன், சொன்னபடி கூடவே ஊற்றுகிறார்.

முகூர்த்த நாள்களில் இலை விலை ஏறிவிடும். அன்றைக்கு மந்தாரை இலையில் கட்டுகிறார்கள், தாள்பெட்டிக்கு மாறுவதில்லை. காலை எட்டரைக்குள் போய்விடுங்கள், அதற்குப் பிறகு வடை இருக்காது.