கொப்புளிப்பான் ஊசிக்கு எவ்வளவு குடுப்பீங்க? கேட்கும் முறைகளில் எது தேறும்?

தடுப்பூசிக்கு மக்கள் எவ்வளவு கொடுக்கத் தயார் என்று கொழும்பில் அளக்கப் போகிறவருக்கு இரண்டு தடைகள் உண்டு. 1978இலிருந்து நடக்கும் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் காசநோய்க்கான பீ.சீ.ஜீ. முதல், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்க 2017இல் சேர்த்த எச்.பீ.வீ. வரை எல்லாமே இலவசம். விலையைக் கேட்டால் "அது கவர்மெண்ட் தாறதுதானே" என்பார்கள். அடுத்தது புறக்கோட்டைச் சந்தைப் பழக்கம்: விலை ஒன்று வாயில் வந்தாலே பேரம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆகவே கேள்விக்கு எடுக்க ஏற்றது, திட்டத்தில் இல்லாமல் தனியாரிடம் காசுக்குப் போடும் கொப்புளிப்பான் (சின்னம்மை) ஊசி போன்ற ஒன்று.

எந்த முறையானாலும் முதலில் பொருளைச் சரியாகச் சொல்ல வேண்டும்: ஒரு பிள்ளைக்கு, இரண்டு ஊசிக்கும் சேர்த்து, டொக்டரை செனல் பண்ணும் காசும் அடங்கலாக. இதில் ஒன்று தவறினாலும் ஒருவர் ஒரு ஊசிக்கும் மற்றவர் மூன்று பிள்ளைகளுக்கும் விலை சொல்லிவிடுவார். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்துப் பயனில்லை.

மிக இலகுவானது வெறுமனே "எவ்வளவு குடுப்பீங்க?" என்று கேட்பது. சந்தை விலை தெரியாதவர் என்ன சொல்வார்? பாதிப்பேர் மௌனம், மற்றவர்கள் பூச்சியம், ஒன்றிரண்டு பேர் வாய்க்கு வந்த பெருந்தொகை. ஆனால் முன்னோட்டத்துக்கு இதுவே உதவும்: 30, 40 பேரிடம் கேட்டால் விலைகள் எந்த எல்லைக்குள் நிற்கின்றன என்று பிடிபடும்.

விலை அட்டை அடுத்த படி. தொகைகளை வரிசையாக அச்சிட்டுக் கொடுத்து, கட்டக்கூடிய அதிகபட்சத்தை வட்டமிடச் சொல்வது. நூறு நூற்றைம்பது பேர் மட்டும் கிடைக்கும் மாணவர் ஆய்வுக்கு இது போதும். குறை என்னவென்றால், அட்டை 5,000 ரூபாயில் முடிந்தால் பதில்களும் அதற்குள் முடியும். 25,000 வரை நீட்டினால் அவையும் சேர்ந்து நீளும்.

ஏலம் போல ஏற்றி இறக்கிக் கேட்பதைக் கொழும்புக்குக் கொண்டுவரவே வேண்டாம். 8,000 ரூபாய்க்கு "ஏலாது" என்றவரிடம் உடனே 4,000 என்றால், "இன்னும் குறைப்பீங்கதானே" என்று காத்திருப்பார், அல்லது ஊசியின் தரத்தைச் சந்தேகிப்பார். தொடங்கிய விலையே கடைசி விலையையும் இழுத்துக்கொண்டு போகும். இரண்டே கேள்வியோடு நிறுத்தும் இரட்டை ஆம்-இல்லை முறை குறைந்த ஆட்களோடே கணக்கெடுக்க விடுவதால் சிக்கனமானது, ஆனால் அதன் இரண்டாம் பதிலில் இதே பேர வாடை அடிக்கும்.

எங்கள் தெரிவு ஒற்றை ஆம்-இல்லைக் கேள்வி. 1993இல் அமெரிக்காவில் பொருளியலாளர்கள் கென்னத் அரோவும் ரொபர்ட் சோலோவும் தலைமை தாங்கிய நிபுணர் குழு பரிந்துரைத்ததும் வாக்கெடுப்புப் போன்ற இவ்வகைக் கேள்வியையே. ஐந்து விலைகள் வைத்து, ஒருவருக்கு ஒன்றை மட்டும் குலுக்கலில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு விலைக்கும் 50 பேராவது தேவை. ஒரே தொடர்மாடியில் கீழ்வீட்டுக்கு 3,000, மேல்வீட்டுக்கு 12,000 என்று கேட்டால் மாலைக்குள் படிக்கட்டில் கதை பரவிவிடும். அதனால் வீடு வீடாக அல்லாமல் மாடித்தொகுதி தொகுதியாகவே குலுக்க வேண்டும். தொகுதிக்குள் பதில்கள் ஒன்றுபோல வரும் என்பதால் ஆட்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். மிக உயர்ந்த விலைக்கும் மூன்றில் ஒருவர் "ஓம்" என்றால் விலைகள் போதவில்லை. மேலே இன்னொன்று சேர்க்க வேண்டும்.

ஒரே நாளில் பதில் வாங்குவதும் தவறு. வியட்நாமின் ஹுவே நகரில் கொலரா, டைபொயிட் ஊசிகளுக்கு நடந்த ஆய்வுகளில், ஓர் இரவு யோசிக்க விட்டவர்கள் குறைந்த தொகையே சொன்னார்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தாய் மட்டும் வீட்டிலிருக்கும் பகலில் கேட்டுவிட்டு வந்தால், இரவில் கணவனோடு பேசி மாறும் பதில் உங்கள் தாளில் வராது. மறுநாள் திரும்பிப் போகச் செலவு கூடும். ஆட்களைக் குறைத்தாவது அதைச் செய்யலாம்.

"இல்லை" என்பவரிடம் காரணம் கேட்காமல் எழும்பக் கூடாது. "காசில்லை", "அந்த வருத்தம் வந்து போகட்டும்" இரண்டும் உண்மையான மறுப்பு. "அரசாங்கம்தான் தரவேணும்" என்பது விலைக்கான பதிலே அல்ல, எதிர்ப்பு. அதைத் தனியாக எண்ணி, சேர்த்தும் நீக்கியும் இரண்டு கணக்கும் காட்ட வேண்டும். இலவசத்துக்குப் பழகிய கொழும்பில் இந்தப் பெட்டி எளிதில் நிரம்பும்.

தொகையை அசைப்பவை வருமானம், பிள்ளைகளின் எண்ணிக்கை, டொக்டரின் ஒரு சொல், பள்ளியில் பக்கத்துப் பிள்ளைக்கு வந்த கொப்புளிப்பான். விலை ஏற "ஓம்" குறையவில்லை, வருமானம் ஏற "ஓம்" கூடவில்லை என்றால் கேள்வித்தாளைத் திருத்திவிட்டு மறுபடி போக வேண்டியதுதான்.

இவை எல்லாம் வாய்ச்சொல். கையிலிருந்து காசு போவதைப் பார்க்க, வெவ்வேறு தள்ளுபடியோடு சீட்டுகளைக் கொடுத்து, எத்தனை பேர் ஊசி போட வந்தார்கள் என்று கிளினிக்கில் எண்ணலாம். கென்யாவில் கர்ப்பிணிகளுக்கான நுளம்பு வலையில், சீட்டுக்குப் பதில் கிளினிக்குக்குக் கிளினிக் விலையை மாற்றிப் பார்த்தார்கள்: விலை பூச்சியத்திலிருந்து 60 அமெரிக்க சதத்துக்கு ஏறியபோது வலை எடுத்தவர்கள் 60 சதவீதப் புள்ளி குறைந்தார்கள். சீட்டுக்குக் காலாவதித் தேதி போட மறக்க வேண்டாம், அது சம்பள நாளைத் தாண்டியும் இருக்கட்டும்.