வண்ணத்துப்பூச்சித் தட்டா, நத்தை பன்னா? குழந்தைகளோடு வசந்த காலச் சமையல்

வசந்தம் வந்துவிட்டால் குழந்தைகள் வெளியே பார்ப்பதெல்லாம் புதிதாக இருக்கிறது. துளிர், மொட்டு, இலையைத் தின்னும் புழு, மழை விட்டதும் சுவரில் ஏறும் நத்தை. அதையெல்லாம் சமையலறைக்குள் கொண்டுவர யோசனைகளுக்குப் பஞ்சமே இல்லை. பழத்தில் வண்ணத்துப்பூச்சி, பிரெட்டில் பூ, பிஸ்கட்டில் ஐசிங், மாவில் நத்தை, பஞ்சில் முளைக்கும் கடுகு. இந்த ஐந்தையும் என் மூன்று வயது மகளோடும் ஆறு வயது மகனோடும் ஒரு முறைக்குப் பல முறை செய்து பார்த்திருக்கிறேன்.

ஆரம்பத்தில் எது அழகாக வரும் என்றுதான் தேர்ந்தெடுத்தேன். தட்டு அழகாகத்தான் வந்தது. ஆனால் வெட்டியது நான், அடுக்கியது நான், குழந்தைகள் பக்கத்தில் நின்று "ஆச்சா, ஆச்சா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது நான் பார்ப்பது வேறு. எடுத்துக்கொள்ளும் நேரத்தில் குழந்தையின் கை எத்தனை நிமிடம் வேலை செய்தது? அப்புறம், செய்ததை அது சாப்பிட்டதா? இந்த இரண்டையும் வைத்துத்தான் கீழே எல்லாவற்றையும் ஒப்பிடுகிறேன்.

முதலில் பழத்தட்டு. எல்லோரும் தொடங்குவது இங்கேதான். அடுப்பு வேண்டாம், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், மிச்சமும் ஆகாது. நீளவாக்கில் பிளந்த வாழைப்பழம் உடல், ஆப்பிள் துண்டுகளோ ஆரஞ்சுச் சுளைகளோ இறக்கைகள். திராட்சையை வரிசையாக வைத்தால் கம்பளிப்புழு. குறை என்னவென்றால், வேலையில் பெரும்பகுதி வெட்டுவது. அது பெரியவர்கள் கையில் போய்விடுகிறது. குழந்தைக்கு மிஞ்சுவது மூன்று நான்கு நிமிட அடுக்கல்.

இதைச் சரிசெய்ய ஒரு வழி கண்டுபிடித்தேன். மாதிரித் தட்டு எதையும் காட்டுவதில்லை. வெட்டிய பழங்களைத் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, "வண்ணத்துப்பூச்சிக்கு எத்தனை இறக்கை?" என்று மட்டும் கேட்பேன். என் மகன் உறுதியாக இரண்டு என்றான். அன்று மாலையே செடிப் பக்கம் போய்ப் பார்த்தோம். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, ஆக நான்கு. அதற்குப் பிறகு அவன் தட்டில் எப்போதும் நான்கு இறக்கைதான், தங்கை இரண்டு வைத்தால் விடமாட்டான். வாழைப்பழத்தை இரண்டு வயதுக் குழந்தைகூட மழுங்கிய கத்தியால் வெட்டிவிடும். ஆகவே அந்த ஒரு பழத்தையாவது அவர்களிடமே விட்டுவிடலாம்.

பழத்தட்டில் நான் விட்டுக்கொடுக்காத விஷயம் திராட்சை. உருண்டையாக, வழுக்கலாக, சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாயை அப்படியே அடைக்கும் அளவில் இருக்கிறது அது. ஐந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு நீளவாக்கில் நான்காக வெட்டித்தான் தர வேண்டும். குறுக்கே இரண்டாக வெட்டினால் போதாது. படங்களில் கம்பளிப்புழு முழுத் திராட்சையில்தான் வரும். அழகுக்காக அதை நகல் எடுக்க வேண்டாம். வளைத்து அடுக்கிய வாழைப்பழ வில்லைகளில் அதைவிட நல்ல புழு கிடைக்கிறது. பச்சைக் கேரட் துண்டும் முழுக் கொட்டைகளும் இதே காரணத்துக்காக வேண்டாம். கேரட்டைத் துருவினால் புல்லாகிவிடும். வெட்டிய ஆப்பிள் காற்றுப்பட்டதும் பழுப்பாகிறது என்றால், மேலே கொஞ்சம் எலுமிச்சைச் சாறு தடவுங்கள். அந்தப் புளிப்பு, நிறம் மாற்றும் நொதியின் வேகத்தைக் குறைத்துவிடும். தடவும் வேலைக்குக் குழந்தை கையில் சின்னத் தூரிகை கொடுங்கள், இன்னும் மூன்று நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். குச்சியில் பழம் கோப்பது இதன் இன்னொரு வடிவம். கூர்முனை காரணமாக, சின்னவர்கள் இருக்கும் மேசையில் நான் அதைச் சேர்ப்பதே இல்லை.

பிரெட் பூக்கள் அடுத்தது. இரண்டு வயதிலிருந்து மூன்றரை வயது வரை உள்ளவர்களுக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை என்பேன். அச்சை வைத்து அழுத்துவது அந்த வயதுக்கென்றே செய்த வேலை. உடம்பின் எடை முழுவதையும் உள்ளங்கையில் போட்டு அழுத்துவார்கள், பூ வெளியே வரும், முகம் மலரும், மறுபடி அழுத்துவார்கள். பிரெட்டை முதலில் கட்டையால் லேசாகத் தேய்த்துத் தட்டையாக்கினால் ஓரம் சுத்தமாக வெட்டுப்படும். சாண்ட்விச் செய்து முடித்து வெட்டாமல், வெட்டிய பிறகு தடவச் சொல்லுங்கள். இல்லையென்றால் உள்ளே இருப்பதெல்லாம் பிதுங்கி அச்சில் ஒட்டிக்கொள்ளும். மிஞ்சிய ஓரங்களை முட்டையும் பாலும் கலந்ததில் நனைத்து வாட்டிவிட்டால் அவையும் ஒரு சிற்றுண்டி.

தடவுவதற்கு க்ரீம் சீஸ் வசதி. எங்கள் வீட்டில் அதைவிட நன்றாகப் போனது பச்சைப் பட்டாணி. குளிரான இடங்களில் அது வசந்தத்தின் கடைசியில் தொடங்கும் விளைச்சல், ஆகவே பருவத்துக்கும் பொருத்தம். தோலை உரிக்கும் வேலையை அப்படியே குழந்தைகளிடம் கொடுத்துவிடுவேன். ஒரு கிண்ணம் பட்டாணிக்கு இருபது நிமிடம் ஆகும், அந்த இருபது நிமிடமும் அவர்கள் கை ஓயாது. வேகவைத்து, கொஞ்சம் வெண்ணெய், ரெண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு சேர்த்து முள்கரண்டியால் மசித்தால் பச்சைப்பசேலென்று பூவுக்கடியில் ஒரு புல்வெளி. பட்டாணியைத் தட்டில் ஒதுக்கிவைக்கும் என் மகள், தானே உரித்ததை மூன்று பூ நிறையத் தின்றாள். பழத்தட்டில் எனக்கு இது நடந்ததில்லை. பழம் எப்படியும் பிடிக்கும்; பிடிக்காத ஒன்றைச் சாப்பிட வைப்பது உரித்த கைதான்.

ஐசிங் பிஸ்கட்டை ஐந்தில் கடைசியாக வைக்கிறேன். குழந்தைகளுக்குப் பிடிக்கவில்லை என்பதல்ல, மிகவும் பிடிக்கும். ஆனால் கவனம் முழுவதும் மேலே தூவும் சர்க்கரை மணிகள்மேல் போய்விடுகிறது. காய்வதற்கு மணிக்கணக்காகத் தொடாமல் இருக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது, மூன்று வயதிடம் அது நியாயமான எதிர்பார்ப்பு இல்லை. ஒரு நாளில் உடம்புக்குச் சேரும் ஆற்றலில் சேர்த்த சர்க்கரையும் தேன், பழச்சாறு போன்றவற்றில் இருக்கும் சர்க்கரையும் சேர்ந்த பங்கு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது, 5 சதவீதத்துக்குள் என்றால் இன்னும் நல்லது என்றும் சேர்த்துச் சொன்னது. சின்ன உடம்புக்கு அந்த 5 சதவீதம் நாலைந்து டீஸ்பூன்கூட வராது. இருந்தாலும் பத்துக் குழந்தைகள் வீட்டுக்கு வரும் நாளில் இதற்கு ஒரு இடம் உண்டு: பிஸ்கட்டை முந்தின நாளே சுட்டு வைத்துவிடலாம். அப்படிச் செய்வதானால் பச்சை முட்டை வெள்ளைக்கரு சேர்த்த ஐசிங் வேண்டாம். 100 கிராம் ஐசிங் சர்க்கரைக்கு ஒரு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் போதும்.

இனி நத்தை பன். என் ஓட்டு இதற்குத்தான், ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

250 கிராம் மைதா, ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், அரை டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஏறக்குறைய 150 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். எட்டு சின்ன பன் வரும். தண்ணீர் விரலுக்கு இதமாக இருந்தால் போதும், கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். பத்து நிமிடம் பிசைந்து, மூடி வைத்தால் ஒரு மணி நேரத்தில் இரண்டு மடங்காக உப்பும். ஈஸ்ட் என்பது உயிருள்ள ஒன்று, மாவில் இருக்கும் சர்க்கரையைத் தின்று காற்று விடுகிறது, அந்தக் காற்றுதான் மாவைத் தூக்குகிறது என்று சொன்னால் ஆறு வயதுக்குப் புரிகிறது. கிண்ணத்தின் வெளியே பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஓடி வந்து பார்ப்பார்கள்.

நத்தைக்கு, எலுமிச்சை அளவு உருண்டையைக் கயிறு போல ஒரு சாண் நீளத்துக்கு மேல் உருட்டி, ஒரு முனையிலிருந்து சுருட்டி, கடைசி மூன்று விரல் அளவைத் தலையாக நீட்டி விட வேண்டும். கண்ணுக்கு இரண்டு கருப்பு எள். பூ வேண்டுமென்றால் உருண்டையைத் தட்டி, ஓரத்தில் ஐந்து வெட்டு, நடுவில் விரலால் ஒரு குழி. குளிர் கால உறக்கம் முடிந்து வெளியே வரும் முள்ளெலி வேண்டுமென்றால், முட்டை வடிவ உருண்டையின் முதுகில் கத்தரிக்கோல் நுனியால் சிறு சிறு கிள்ளல்கள். இதை என் மகன் ஒரே பன்னில் நாற்பது முள் வரை எண்ணிக்கொண்டே போனான்.

ஏன் இதற்கு முதலிடம்? பிசைவதிலிருந்து உருட்டுவது வரை எல்லாம் கை வேலை. கத்தி வேண்டாம். தப்பே கிடையாது: நத்தை சரியாக வரவில்லையென்றால் உருட்டி மறுபடி தொடங்கலாம், பழத்தையோ பிரெட்டையோ அப்படித் திரும்பப் பெற முடியாது. மூன்று வயதும் ஆறு வயதும் ஒரே மேசையில் அவரவர் அளவுக்குச் செய்ய முடிகிற வேலை, ஐந்தில் இது ஒன்றுதான். நான் நேரம் பார்த்த நாளில் என் மகள் இருபத்தைந்து நிமிடம் நாற்காலியை விட்டு இறங்கவில்லை.

குறைகளும் இருக்கின்றன. உப்புவதற்கான அந்த ஒரு மணி நேரத்தை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். நான் மதியத் தூக்கத்துக்கு முன்னால் பிசைந்துவிடுவேன், எழுந்து வந்ததும் மாவு தயாராக இருக்கும். சுடும்போது உருவங்கள் ஊதிப்போய் அடையாளம் மங்கும் என்பது இன்னொன்று. கழுத்தை நினைப்பதைவிட நீளமாக, குழியை நினைப்பதைவிட ஆழமாகச் செய்து, செய்து முடித்த பின் கால் மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் ஓவனில் நுழைத்துவிட்டால் உருவம் நிற்கும். 190 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் போதும். ஓவன் இல்லையென்றால் நத்தையை விரல் தடிமனுக்குத் தட்டி, கனமான வாணலியில் மூடி போட்டு, மிகக் குறைந்த தீயில் பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம் வாட்டலாம். இன்னொன்று, பச்சை மாவைத் தின்ன விடக்கூடாது. மாவில் சால்மொனெல்லா, ஈ கோலி போன்ற கிருமிகள் இருக்கலாம், சூடுதான் அவற்றை அழிக்கும். "வெந்த பிறகுதான் வாய்க்கு" என்பதை ஆரம்பத்திலேயே சொல்லி, பிசைந்ததும் கை கழுவ வைத்துவிடுங்கள்.

பன்னுக்கு உண்மையான போட்டி பழத்தட்டோ பிரெட் பூவோ அல்ல, பஞ்சில் முளைக்கும் கடுகு. இதில் ஒரு நாளைக்குக் கை வேலை இரண்டு நிமிடம்தான், என் முதல் அளவுகோலில் இது தோற்க வேண்டும். ஆனால் அந்த இரண்டு நிமிடம் ஒரு வாரம் தொடர்கிறது. மற்றவையெல்லாம் வசந்தத்தின் உருவத்தைத்தான் செய்கின்றன. இங்கே வசந்தமே கண்ணெதிரில் நடக்கிறது. அகலமான கிண்ணத்தில் ஈரப்பஞ்சைப் பரப்பி, மேலே கடுகை நெருக்கமாகத் தூவி, இரண்டு நாள் மூடி வைத்து, முளை விட்டதும் ஜன்னலோரம் மாற்ற வேண்டும். தண்ணீர் தெளிப்பது முழுக்கக் குழந்தைகள் பொறுப்பு. ஏழெட்டு நாளில் விரல் நீளத்துக்குப் பச்சைத் தண்டும் இரண்டு சின்ன இலையும் நிற்கும், கத்தரிக்கோலால் அறுவடை. சமையலுக்கு விற்கும் கடுகையே எடுங்கள். நடுவதற்கு விற்கும் விதைகளில் மருந்து பூசியிருக்கலாம்.

இதிலும் ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். முளை வளர்க்கும் ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளுக்கும் பிடித்த இடம். முளைகட்டிய பயறு போன்றவற்றைச் சின்னக் குழந்தைகளுக்குப் பச்சையாகத் தரக்கூடாது, நன்றாக வேகவைத்தே தர வேண்டும். கடுகுத் தளிரையும் நான் வேருக்கு மேலே வெட்டி, கழுவி, ஆம்லெட்டில் போட்டு நன்றாக வேகவிட்டுத்தான் தருகிறேன். அதன் காரம் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒத்துவராது. என் மகள் முதல் வாய் துப்பிவிட்டாள். மூன்றாவது அறுவடையில் ஆம்லெட்டோடு சேர்த்துத் தின்றாள், கூடவே தண்ணீர் ஊற்றாத அண்ணனுக்குக் கிடையாது என்றும் சொன்னாள்.

சரி, எதை எப்போது எடுப்பது? வேலை நாளின் மாலையில் அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் பழத்தட்டு. மூன்று வயதுக்குக் கீழே ஒரே ஒரு குழந்தை என்றால் யோசிக்காமல் பிரெட் பூ, பட்டாணியோடு. வயது வித்தியாசமுள்ள இரண்டு மூன்று பேர், மழையால் வெளியே போக முடியாத நாள் என்றால் நத்தை பன். பக்கத்து வீட்டுக் குழந்தைகளும் வருகிறார்கள் என்றால் முட்டை, பால், எள், கொட்டை எதிலாவது ஒவ்வாமை இருக்கிறதா என்று அவர்கள் பெற்றோரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

முடிந்தால் இரண்டை இணைத்துவிடுங்கள். நாங்கள் இப்போது ஒரு சனிக்கிழமை கடுகு தூவுகிறோம், அடுத்த சனிக்கிழமை பன் சுடுகிறோம். போன முறை பன் ஆறும் வரைகூடப் பொறுக்காமல், மகள் தன் நத்தையைக் கொண்டுபோய் கடுகுக் கிண்ணத்தின் விளிம்பில் வாய் இலையில் படும்படி வைத்தாள். தளிரை வெட்ட நான் கத்தரிக்கோலோடு போனபோது, "அது சாப்பிட்டு முடிக்கட்டும்" என்றாள்.