ஃபைனல் ஃபாண்டஸி 7: கனடாப் பெட்டியா, லண்டன் பெட்டியா, கைத்தொலைபேசியா?

ஸ்குவெயர் நிறுவனம் 1997 ஜனவரியில் ஜப்பானில் வெளியிட்ட ஃபைனல் ஃபாண்டஸி 7 விளையாட்டை, அது முதன்முதலில் வந்த பிளேஸ்டேஷன் என்ற விளையாட்டுப் பெட்டியிலேயே மறுபடி ஆட விரும்பும் வன்னிவாசி ஒருவர், பெட்டி எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கொழும்பில் தேடி அலைவதைவிட, ரொரன்ரோவில் மாமா வீட்டு பேஸ்மென்ற்றிலோ லண்டனில் சித்தி வீட்டு அலுமாரியிலோ கிடப்பதைக் கேட்டு எடுப்பிப்பது எளிது. ஆனால் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் அவ்விரு பெட்டிகளும் ஒன்றல்ல. ஒன்றின் இறுவட்டு மற்றதில் ஓடாது என்பதால், விளையாட்டின் மூன்று இறுவட்டுகளும் பெட்டியோடு சேர்ந்தே வர வேண்டும்.

கனடாப் பெட்டி என்.டி.எஸ்.சி என்ற தொலைக்காட்சிப் பட முறையில் விநாடிக்கு 60 தடவையும், லண்டன் பெட்டி பால் (PAL) என்ற முறையில் 50 தடவையும் படத்தைப் புதுப்பிக்கின்றன. ஐரோப்பியப் பதிப்பு இந்த வேறுபாட்டுக்கு ஏற்பச் சரிவரத் திருத்தப்படாததால், திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் விழுவதோடு ஆட்டமும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மந்தமாகிறது. நைட்ஸ் ஒஃப் த ரவுண்ட் என்ற அழைப்பு மந்திரத்தின் காட்சி கனடாப் பெட்டியிலேயே ஒரு நிமிடத்தைத் தாண்டும். அதை இன்னும் இழுத்துப் பார்க்கும் பொறுமை எனக்கில்லை.

மின்சாரத்தில் மட்டும் லண்டன் பெட்டிக்கே வெற்றி. நமது 230 வோல்ட்டில் அது நேரடியாக இயங்கும். கனடாவின் பழைய சாம்பல் நிறப் பெட்டி 120 வோல்ட்டுக்கானது என்பதால், மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி இல்லாமல் அதைச் செருகினால் புகைதான் வரும். தொடக்ககால மாதிரிகளில் லேசர் பகுதி மின்வழங்கிக்கு அருகே இருந்து சூட்டில் தேய்ந்ததால், பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து ஆடியவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். ஆகவே கேட்பதாயின் 2000ஆம் ஆண்டில் வந்த சிறிய வெள்ளை நிற பிஎஸ் வன்னைக் கேளுங்கள். அதன் மின்வழங்கி வெளியே இருக்கிறது; 7.5 வோல்ட் தரும் பொருத்தமான அடப்டர் ஒன்றை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம், தகுந்த மின்னழுத்தச் சீராக்கி இருந்தால் வாகன பற்றரியிலும் ஓட்டலாம். ஜெனரேற்றருக்குக் காசு சேர்த்து இரவிரவாகப் படம் பார்த்த தலைமுறைக்கு இது பெரிய வித்தையல்ல.

எந்தப் பெட்டி வந்தாலும், படக்குழாய் உள்ள பழைய தொலைக்காட்சி இல்லாவிட்டால் அசல் கருவியில் ஆடுவதில் பாதிப் பயன் போய்விடும். இவ்விளையாட்டின் பின்னணிகள் குறைந்த நுணுக்கத்தில் முன்கூட்டியே வரையப்பட்ட படங்கள். மிட்கார் நகரச் சேரியின் தேவாலயத்தில், உடைந்த தரைப்பலகைகளின் நடுவே பூத்திருக்கும் மஞ்சள் பூக்கள் பழைய திரையில் ஒளியோடு கரைந்து பூக்களாகவே தெரியும். தட்டையான புதிய திரையில் அவை சதுரப் புள்ளிகளாகச் சிதறும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இத்தகைய தொலைக்காட்சிகளைப் பழைய இரும்புக்காரரிடம் தூக்கிக் கொடுக்கிறார்கள். கொடுக்குமுன், என்.டி.எஸ்.சி முறையையும் ஏற்கும் ஒன்றை ஒதுக்கி வையுங்கள். ஏற்காத தொலைக்காட்சியில் கனடாப் பெட்டியின் படம் பெரும்பாலும் கறுப்புவெள்ளையில்தான் வரும்.

கைத்தொலைபேசிப் பதிப்பு ஐபோனுக்கு 2015இலும் அன்ட்ரொயிட்டுக்கு 2016இலும் வந்தது. அதில் கதாபாத்திரங்கள் மட்டும் கூர்மையாகத் தெரிய, பின்னணி மங்கலாக இழுபட்டுக் கிடப்பதால், கதாநாயகன் கிளவுட் வேறொரு படத்திலிருந்து வெட்டி ஒட்டப்பட்டவன்போல் நிற்கிறான். திடீர்ச் சண்டைகளை நிறுத்தவும் ஆற்றலை உச்சத்துக்கு ஏற்றவும் அதில் வசதியுண்டு. கதையை மட்டும் மீட்டுப் பார்க்க அது போதும். கரண்ட் போனாலும் தொலைபேசிக்குக் கவலையில்லை. அசல் பெட்டியிலோ, சேமிப்பிடங்களிலும் உலக வரைபடத்திலும் மட்டுமே ஆட்டத்தைச் சேமிக்கலாம் என்பதால், நிலவறைக்குள் ஒரு மணிநேரம் போராடியதெல்லாம் ஒரு மின்வெட்டோடு அழிந்துவிடும். அந்த அச்சம்தான் அடுத்த சேமிப்பிடத்தைக் கண்டதும் வரும் நிம்மதிக்குக் காரணம். தொலைபேசியில் அது கிடைக்காது. கணினியை அந்தப் பெட்டிபோல் இயங்கவைக்கும் எமுலேற்றர் என்ற மென்பொருள் கொண்டு ஆடுவது இரண்டுக்கும் இடைப்பட்டது. மலிவு என்பதைத் தவிர அதில் எனக்கு ஈர்ப்பில்லை.

என் தெரிவு, கனடாவிலிருந்து வரும் பிஎஸ் வன்னும் இரு முறைகளையும் ஏற்கும் தொலைக்காட்சியும்தான். அத்தகைய தொலைக்காட்சி கிடைக்காதவருக்கு மட்டும் லண்டன் பெட்டியைச் சொல்வேன். எதைக் கேட்டாலும் ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் மெமரி காட்டையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் 15 இடங்கள் உண்டு, இந்த விளையாட்டின் ஒரு சேமிப்புக்கு ஓர் இடமே போதும். உள்ளே பற்றரி இல்லாததால், மச்சான் அந்தக் காலத்தில் பாதியில் விட்ட ஆட்டம்கூட அழியாமல் இருக்கக்கூடும்.