ஓட்டப் பயிற்சிக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் மக்கள் கவனத்திற்கு

"30 நாளில் 10 கிலோமீட்டர்" என்று விளம்பரம் செய்து நாகர்கோவிலில் ஓட்டப் பயிற்சி நடத்திய ஒருவரிடம் நானும் என் மைனியும் (அண்ணி) ஆளுக்கு 4,500 ரூபாய் கட்டினோம். அவர் பெயரையோ குழுவின் பெயரையோ இங்கே எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும். ஆனால் அதே விளம்பரம் இப்போது தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. வாழ்க்கையில் ஒருநாளும் ஓடியிராத பெண்களையும் நாற்பது தாண்டியவர்களையும்தான் கூப்பிடுகிறார்கள். அதனால் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

சேரும்போது கொடுத்த படிவத்தில் பெயர், உயரம், எடை, பணம் அனுப்பிய விவரம், இவ்வளவுதான். ஆஸ்துமா உண்டா, பிரஷர் உண்டா, ரத்தசோகை உண்டா, நெஞ்சுவலி வந்திருக்கிறதா என்று ஒரு வரிகூடக் கேட்கவில்லை. மைனிக்குச் சின்ன வயதில் இளைப்பு இருந்தது. அதை மைனியே அவரிடம் சொன்னார். "அதெல்லாம் ஓட ஓடச் சரியாப் போவும் அக்கா" என்று பதில் வந்தது.

வார்ம்-அப் என்று ஒன்று கிடையாது. வந்தவுடன் ஓட்டம், எல்லோருக்கும் ஒரே வேகம்: கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம். நடந்து மட்டுமே பழகியவருக்கு அது மிகக் கடுமை. கொஞ்ச தூரத்திலேயே மூச்சு முட்டிவிடும். நின்றால் எல்லோர் முன்னாலும் ஏச்சு. "நிக்கப்பிடாது அக்கா, நின்னா நுரையீரல் விரியாது." வாயை மூடிக்கொண்டு மூக்கால் மட்டும்தான் மூச்சு விட வேண்டும் என்று வேறு கண்டிப்பு. பிறகு பார்வதிபுரம் மேம்பால ஏற்றத்தில் ஓடவிட்டார், அதுவும் ஆனிக் காற்று எதிர்த்து அடிக்கும் நாட்களில்.

அவர் சொன்னது எவ்வளவு தவறு என்று பிறகு மருத்துவர் விளக்கித்தான் முழுதாகப் புரிந்தது. வேகம் கூடினால் தசைகளிலிருந்து ரத்தத்துக்கு வரும் கார்பன் டை ஆக்சைடு கூடுகிறது. அதை வெளியே தள்ளத்தான் மூளை மூச்சை விரைவாக்குகிறது. உடம்பு தாங்கும் வேகத்தைத் தாண்டினால் ரத்தத்தில் அமிலத்தன்மையும் ஏறி, மூச்சு இன்னும் இரைக்கிறது. இதற்கு மருந்து ஒன்றுதான்: வேகத்தைக் குறைப்பது. குறைத்தால் சில நிமிடத்தில் அடங்கிவிடும். அந்த நேரத்தில் வாயையும் மூடச் சொன்னால் வேண்டிய அளவு காற்று எப்படி உள்ளே போகும்? போதாததற்கு நம் மாவட்டத்தின் ஈரக் காற்றில் வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது, இதயம் கூடுதலாக அடிக்கும். வெளியூர்க்காரர் எழுதிவைத்த வேகக் கணக்கை இங்கே அப்படியே பிடிக்க முடியாது.

மூச்சு வாங்குகிறது என்று சொன்ன எல்லோருக்கும் அவர் சாமான் விற்றார். முகத்தை இறுக்கி மூடும் ஒரு மாஸ்க், 1,800 ரூபாய். "இதப் போட்டு ஓடினா மலை உச்சியில ஓடுன மாதிரி" என்றார். மலை உச்சியில் காற்றழுத்தம் குறைவு, அதனால் உடம்புக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. மாஸ்க் மூச்சைத் தடுக்குமே தவிர, காற்றில் உள்ள ஆக்சிஜனை மாற்றாது. நன்றாகப் பழகிய ஓட்டக்காரர்களுக்கே அதனால் பெரிய லாபம் இல்லை. மூச்சுத் திணறும் புது ஆளின் முகத்தில் அதை மாட்டுவது கொடுமை. அடுத்து "நுரையீரல் சுத்தம்" செய்யும் பொடி. டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண் இல்லை, என்னென்ன சேர்த்திருக்கிறது என்றும் இல்லை. விலாவுக்குக் கீழே பிடிப்பு வந்தவருக்கும் அதே பொடிதான்.

மைனிக்கு நடந்ததுதான் என்னால் ஆறவே முடியாதது. ஓடும்போது தாக்குப் பிடித்துவிடுவார். நின்று சில நிமிடம் கழித்துத்தான் இருமல் தொடங்கும், பிறகு விசில் மாதிரி சத்தம். "நெஞ்சு கெட்டிப் பிடிக்குது மக்களே" என்று என் கையைப் பிடித்துக்கொள்வார். பயிற்சியாளர் அதைப் பார்த்தும் "சளி வெளிய வருது, நல்லதுதான்" என்றார். ஒருநாள் வீட்டுக்கு வந்தும் அடங்கவில்லை. அப்போதுதான் நுரையீரல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். குழாயில் ஊதவைத்து, ஓடவைத்து மறுபடி ஊதவைத்துப் பார்த்தார். உடற்பயிற்சியால் மூச்சுக்குழாய் சுருங்கும் பிரச்சினை என்றார்.

இந்த வித்தியாசத்தைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். வேகத்தால் வரும் சாதாரண மூச்சுவாங்கல் நின்றதும் குறையும். மூச்சுக்குழாய் சுருங்குவதால் வருவது பெரும்பாலும் நின்ற பிறகு, ஐந்து முதல் பதினைந்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும். இருமல், வீசிங், நெஞ்சு இறுக்கம் எல்லாம் சேர்ந்து வரும். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. மைனிக்கு ஓடுவதற்குக் கொஞ்சம் முன்னால் எடுக்க ஒரு இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள், நிதானமான வார்ம்-அப்பும் சொல்லியிருக்கிறார்கள். ஓடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அவருடைய இன்ஹேலரைப் பார்த்து நீங்கள் கடையில் வாங்கிவிடாதீர்கள். ஹீமோகுளோபினும் பார்க்கச் சொன்னார் மருத்துவர். பெண்களுக்கு அது 100 மில்லி ரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை, அதனாலும் மூச்சு வாங்கும். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. இத்தனை பேருக்கு இருக்கும் ஒன்றைக் கேட்காமல் ஓடவிடுகிறவர் பயிற்சியாளரா?

புதிதாக ஓடுகிறவர்களுக்கு நல்ல முறைகள் எப்போதோ வந்துவிட்டன. 1996இல் ஜோஷ் கிளார்க் என்பவர் புதியவர்களுக்காக உருவாக்கிய "கவுச் டு ஃபைவ் கே" திட்டம் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் வாரம் ஐந்து நிமிடம் வேக நடை, பிறகு 60 வினாடி மெதுவோட்டம், 90 வினாடி நடை, இப்படி மாறி மாறி 20 நிமிடம். வாரம் மூன்று நாள் போதும். 5 கிலோமீட்டருக்கே ஒன்பது வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள். 30 நாளில் 10 என்பவரிடம் இதைக் கேளுங்கள். வேகம் சரியா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். "சாயங்காலம் வடசேரி சந்தைக்குப் போய் ஏத்தங்காயும் மரச்சீனியும் வாங்கணும்" என்று பக்கத்தில் ஓடுகிறவரிடம் திக்காமல் சொல்ல முடிந்தால் சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் பைய ஓடுங்கள், இல்லை நடங்கள். நானும் மைனியும் இப்போது இப்படித்தான் குளக்கரை ரோட்டில் போகிறோம்.

நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம், உதடு நீலம் பாய்வது, பேசவே முடியாத மூச்சுத்திணறல், இதில் எது வந்தாலும் யார் அனுமதிக்கும் காத்திருக்காமல் ஓட்டத்தை நிறுத்தி 108ஐக் கூப்பிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "உங்க உடம்பு ஒத்துக்கிடலன்னா நாங்க பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டு எங்களைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். விளம்பரப் படம், பணம் அனுப்பிய ரசீது, அவர் அனுப்பிய குரல்செய்திகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டேன். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். இதே ஆளிடம் பணம் கட்டியவர்கள் உங்கள் ரசீதையும் அந்தப் பொடி டப்பாவையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.