ஹானியா துறைமுகத்தில் மீன் சாப்பிடப் போகிறீர்களா? பில்லைப் பார்த்துக் கொடுங்கள்

கிரீஸ் நாட்டுக் கிரீட் தீவின் ஹானியாவுக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். ஊரின் மேல் ஒரு குறையும் இல்லை. வெனிஸ்காரர்கள் கட்டிய துறைமுகம், 1830களில் தீவு எகிப்தியர் கையில் இருந்தபோது இன்றைய உருவத்துக்கு வந்த கலங்கரை விளக்கம், கரையிலேயே பெரிய குவிமாடத்தோடு நிற்கும் துருக்கியர் காலத்து மசூதி, எல்லாம் நடந்தே பார்த்துவிடலாம். இங்கே ஆழம் போதாது என்பதால் பெரிய கப்பல்கள் பக்கத்தில் இருக்கும் சூதா துறைமுகத்துக்குப் போய்விடும். பழைய கப்பல் பட்டறைகளின் முன்னால் பாய்மரப் படகுகளும் மீன்பிடிப் படகுகளும்தான். தண்ணீரைப் பார்த்தபடி வரிசையாக ஓட்டல்கள். வம்பு அங்கேதான்.

வாசலில் நின்ற ஆள் "இந்தியாவா? நமஸ்தே!" என்று கையைப் பிடித்து இழுக்காத குறையாக உட்கார வைத்தார். ஐஸ் மேல் பரப்பிய மீன்களைக் காட்டினார். மெனுவில் கிலோ 70 யூரோ. நம் சங்கராவைப் போல இருந்த ஒரு சிவப்பு மீனைத் தேர்ந்தெடுத்து, எடை போட்டுக் காட்டச் சொன்னேன். "ரெண்டு பேருக்குச் சரியா இருக்கும், நோ பிராப்ளம்" என்று சொல்லிக்கொண்டே அதை உள்ளே கொண்டுபோய்விட்டார்.

மீன் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. கேட்காமலே ரொட்டி வந்தது. முடிந்ததும் சின்னக் குப்பியில் ராக்கி என்கிற உள்ளூர்த் திராட்சைச் சாராயம் வைத்தார்கள். கிரீட்டில் சாப்பாட்டுக்குப் பின் ராக்கி கொடுப்பது உபசாரம், அதற்குக் காசு வாங்குவது வழக்கமில்லை.

அப்புறம் பில் வந்தது. கிழித்த தாளில் பேனாவால் எழுதியது: மீன் 98, சாலட் 12, ரொட்டி 4, தண்ணீர் 3, ராக்கி 8. மொத்தம் 125 யூரோ. மீன் 1.4 கிலோவாம். வாராவாரம் வீட்டில் மீன் ஆய்கிற என் மனைவி, "என்னங்க, அது ஒரு கிலோ தேறினாலே பெரிசு" என்றார்.

கிரீஸில் முறையான ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் கட்ட வேண்டியதில்லை. சட்டமே அப்படி; மெனுவிலேயே அச்சடித்திருக்கும். அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டி, மெஷின் ரசீது வேண்டும் என்றேன். முகம் மாறியது. உள்ளே போனவர் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். ரசீதில் ராக்கியைக் காணோம். மீன் 1.1 கிலோ ஆகிவிட்டது. மொத்தம் 96! சாப்பிட்டு முடித்த மீன் எப்படி இளைத்தது என்று கேட்டேன். "சிஸ்டம் மிஸ்டேக்" என்றார்.

அத்தோடு விடவில்லை. கார்டு மெஷினை நீட்டும்போது திரையில் ரூபாய்த் தொகையைத் தேர்ந்து வைத்திருந்தார். அதை ஏற்றுக்கொண்டால் மாற்று விகிதத்தில் தனியாக ஒரு தொகை போகும். ரத்து செய்யச் சொல்லி, யூரோவிலேயே போட வைத்தேன். எங்கே போனாலும் உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள்.

மீனை உங்கள் கண்முன் தராசில் வைக்காத கடையில் கிலோக் கணக்கு மீன் வேண்டாம். தகராறு முற்றினால் சுற்றுலாப் போலீஸ் எண் 1571. துறைமுகத்திலிருந்து உள்ளே கொஞ்சம் நடந்தால் ஸ்பிளாண்ட்ஸியா சதுக்கம் வரும். மணிக்கூண்டும் மினாரும் ஒன்றாகக் கொண்ட புனித நிக்கோலஸ் தேவாலயம்தான் அடையாளம். மறுநாள் அங்கே ஒரு சின்னக் கடையில் சாப்பிட்டோம். நாங்கள் கேட்பதற்கு முன்பே மெஷின் ரசீது மேசைக்கு வந்துவிட்டது.