தெப்பக்குளத்தின் நாலாவது சுற்று: தூரமா, வேகமா?

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை வெளியே ஒரு முறை சுற்றி வந்தால் 1.2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். நாலு சுற்று ஓடினால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். 'கவுச் டு 5கே' (சோபாவிலிருந்து 5 கிலோமீட்டர் வரை) என்ற ஒன்பது வார ஓட்டப் பயிற்சியை முடித்த அன்று நானும் மதினியும் ஓடியது மூன்று சுற்றுதான். 30 நிமிடம் நிற்காமல் ஓடிவிட்டோம், அந்த மகிழ்ச்சி பெரியது. ஆனால் பயிற்சியின் பெயரிலேயே இருக்கும் 5 கிலோமீட்டர் வரவில்லை.

இது பலருக்கும் நடப்பதுதான். ஜோஷ் கிளார்க் என்பவர் 1996-இல் வகுத்த இந்தத் திட்டம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று தொடங்கும். வாரம் மூன்று நாள் வீதம் ஒன்பது வாரத்தில் அரைமணி நேரத் தொடர் ஓட்டத்தில் கொண்டுவந்து நிறுத்தும். அந்த அரைமணிக்குள் 5 கிலோமீட்டர் முடிய வேண்டுமானால் ஒரு கிலோமீட்டரை 6 நிமிடத்தில் ஓட வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் ஓடியே பழக்கமில்லாத, நாற்பதைத் தாண்டிய ஒருவருக்கு அந்த வேகம் ஒன்பது வாரத்தில் எளிதில் வராது. ஆகவே பயிற்சி முடிந்ததும் எழும் கேள்வி இதுதான்: நாலாவது சுற்றை எப்படிப் பிடிப்பது? இதே வேகத்தில் 40 நிமிடம் ஓடுவதா, வேகத்தைக் கூட்டி நாலு சுற்றையும் 30 நிமிடத்துக்குள் அடக்குவதா?

“நீ மெதுவா ஓடிக்கிட்டே இரு தாயி, நான் வேகத்தப் பாக்குறேன்” என்று மதினி சொல்லிவிட்டார். ஆவணி கடைசியில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தோம்.

மதினி போனது ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு. அங்கே 400 மீட்டர் ஓடுபாதை. பத்து நிமிடம் உடம்பைச் சூடேற்றிவிட்டு, ஒரு சுற்று முடிந்தவரை வேகம், அரைச் சுற்று நடை. இப்படி ஆறு முறை. வாரம் மூன்று நாளும் அதுவேதான். அந்த மைதானத்தில் போலீஸ் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் விடியற்காலையிலேயே வந்துவிடுவார்கள். பையன்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடித்தாக வேண்டும். அவர்கள் பக்கத்தில் ஓடும்போது நமக்கும் கால் தானாக எட்டிப் போடும். சக்கிமங்கலத்திலிருந்து புறப்பட்டு 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்புத் தொடரோட்டம் வரை போன ரேவதி வீரமணி நம் மதுரைப் பெண்தானே என்ற நினைப்பும் சேர்ந்துகொள்ளும்.

பலன் சீக்கிரமே தெரிந்தது, அதை மறைக்கக் கூடாது. இரண்டே வாரத்தில் மதினி மூன்று சுற்றை 27 நிமிடத்தில் ஓடினார். வேகப் பயிற்சி இதயத்தையும் நுரையீரலையும் அவற்றின் உச்சம் வரை இழுத்துப் பார்க்கிறது; மெதுவாக ஓடும்போது சும்மா கிடக்கும் தசை இழைகளையும் எழுப்பி வேலை வாங்குகிறது. உடம்பு அதற்கு உடனே பதில் சொல்லும்.

மூன்றாவது வாரம் திண்ணையில் உட்கார்ந்து வலது காலை நீட்டிக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பின் உள்விளிம்பில், கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே கீழே இறங்கினால் ஒரு சாண் நீளத்துக்கு வலி. முதல் நாள் ஓடத் தொடங்கும்போது மட்டும் இருந்ததாம். அப்புறம் ஓடும்போதெல்லாம். அன்று மாடிப்படி இறங்கும்போதே வந்துவிட்டது. மூன்று வாரம் ஓட்டத்தை நிறுத்தி வெறும் நடையோடு இருந்தார். இந்த வலி விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் குவிந்தாலோ, ஓய்வில் இருக்கும்போதே வலித்தாலோ, எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். அப்போது மருத்துவரைப் பார்க்காமல் இருக்கவே கூடாது. மதினிக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதுதான் இந்த ஒப்பீட்டில் முக்கியமான இடம். மூச்சும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாண்களுக்கும் மாதக்கணக்கில் ஆகும். ஒன்பது வாரம் முடித்தவருக்கு மூச்சு 'இன்னும் வேகமாகப் போ' என்று சொல்லும். கால் அதற்கு இன்னும் தயாராகியிருக்காது. வேகம் கூடும்போது ஒவ்வோர் அடியிலும் காலில் இறங்கும் பாரமும் கூடுகிறது. பள்ளியிலிருந்தே கபடியோ கால்பந்தோ விடாமல் ஆடிய இருபது வயதுப் பையனுக்கு எலும்பு ஏற்கெனவே அடி வாங்கிப் பழகியிருக்கும். அவனுக்கு வேகம் முதலில் வந்தால் பரவாயில்லை. போலீஸ் தேர்வுத் தேதி கையில் இருப்பவருக்கும் வேறு வழி கிடையாது. மற்றவர்களுக்கு இதை முதல் தேர்வாக நான் சொல்ல மாட்டேன்.

என் வழி தூரம். வாரத்தில் இரண்டு நாள் அதே 30 நிமிடம். ஞாயிறு மட்டும் வாரத்துக்கு இரண்டு நிமிடமாகக் கூட்டினேன். ஓடிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், இது ஒன்றே விதி. பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்வேன். ஐந்து வாரத்தில் நாலாவது சுற்று வந்துவிட்டது, 41 நிமிடத்தில். இப்படி மெதுவாக ஓடும்போது உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. தசைகளுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கூடுகின்றன, இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் இரத்தம் கூடுகிறது, எலும்புக்கும் இறுகிக்கொள்ள நேரம் கிடைக்கிறது.

வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்று எல்லோரும் சொல்வார்கள். புதிதாக ஓட வந்தவர்களை இரண்டு அணியாகப் பிரித்து நெதர்லாந்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2008-இல் வெளியானது. 10 சதவீத விதிப்படி படிப்படியாகக் கூட்டியவர்களிலும் வழக்கமான திட்டத்தில் ஓடியவர்களிலும் காயம்பட்டவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். எனவே அந்த எண்ணைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். காலை எழுந்ததும் முதல் பத்து அடி வைக்கும்போது கால் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். நான் மூன்று வாரம் கூட்டினால் நாலாவது வாரம் குறைத்துக்கொள்வேன்.

தூரத்துக்கும் குறை உண்டு. முதலாவது, நேரம். 8 சுற்று ஓட ஒன்றேகால் மணிக்கு மேல் ஆகிறது. சமையலையும் பிள்ளைகளையும் பார்க்க வேண்டிய வீட்டில் அந்த ஒன்றேகால் மணி சும்மா கிடைப்பதில்லை. வேகப் பயிற்சி முக்கால் மணியில் முடிந்துவிடும்.

இரண்டாவது, இடம். பெண்களுக்கு இது பெரிய விஷயம். ரிங் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே இருட்டில் தனியாக நான் ஓட மாட்டேன். அதனால் தூரம் என்றாலும் தெப்பக்குளத்தையேதான் சுற்றுகிறேன். அங்கே விடியுமுன்பே நடைப்பயிற்சிக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள், டீக்கடை திறந்திருக்கும், பூக்காரம்மா கூடையோடு உட்கார்ந்திருப்பார். ஒரே திசையில் சுற்றினால் ஒரு காலுக்கு மட்டும் பாரம் கூடும். பாதித் தூரத்தில் திரும்பி எதிர்த்திசையில் ஓடுவேன்.

மூன்றாவது குறைதான் எனக்குக் கவலை தந்தது. கார்த்திகை முடியும்போது 6 சுற்று சாதாரணமாக ஓடினேன். ஆனால் நாலு சுற்றுக்கான நேரம் 39 நிமிடத்தில் வந்து நின்றுவிட்டது. உடம்பு ஒரே நடையைப் பழகிக்கொண்டு அதிலிருந்து வெளியே வர மறுத்தது.

வேகம்தான் பெரிது என்பவர்கள் எமில் ஜாடோபெக்கைச் சொல்வார்கள். செக்கோஸ்லோவாக்கியாக்காரர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000, 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கியவர். 400 மீட்டர் துண்டுகளாக ஓடியே பயிற்சி எடுத்தவர். தூரம்தான் பெரிது என்பவர்கள் நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டைச் சொல்வார்கள். அவர் 800 மீட்டர் ஓடும் பீட்டர் ஸ்னெல்லையே 35 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஓட வைத்தார். 1960 ரோமில் ஸ்னெல் தங்கம் வாங்கினார். கூர்ந்து பார்த்தால் இதில் சண்டையே இல்லை. ஜாடோபெக்கின் துண்டுகளைக் கூட்டினாலும் அது மலைக்கவைக்கும் தூரம்தான். தூரம் இல்லாத வேகம் இரண்டு பேரிடமும் கிடையாது.

என்னை அந்த 39 நிமிடத்திலிருந்து நகர்த்தியது மூன்றாவது வழி. 1930-களில் சுவீடன் பயிற்சியாளர் கோஸ்டா ஹோல்மர் வகுத்த 'ஃபார்ட்லெக்'. வேக விளையாட்டு என்று பொருள். கடிகாரமும் தடமும் தேவையில்லை; ஓடுகிற ஓட்டத்திலேயே நினைத்த இடத்தில் வேகம் எடுத்து, நினைத்த இடத்தில் விட்டுவிடலாம்.

இதற்குத் தெப்பக்குளம் போல ஒரு இடம் அமையாது. நாலு கரை, ஒவ்வொன்றும் சுமார் 300 மீட்டர். முதல் சுற்று முழுக்க மெதுவாக. இரண்டாவது சுற்றிலிருந்து மாரியம்மன் கோயில் இருக்கும் கரையில் மட்டும் வேகம், மற்ற மூன்று கரையும் பேச முடிகிற ஓட்டம். வேகம் என்றால் பாய்ச்சல் அல்ல. நாலைந்து வார்த்தைக்கு மேல் பேச வராத அளவு, அவ்வளவுதான். மூலை திரும்பியதும் விட்டுவிட வேண்டும். மொத்தத்தில் மூன்று கரை, 900 மீட்டர்தான் வேகமாக ஓடுகிறோம். மதினி ரேஸ்கோர்ஸில் ஒரு நாளில் ஓடியது 2400 மீட்டர், வித்தியாசம் அதில்தான். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் இதைச் செய்தேன். ஆறு வாரத்தில் நாலு சுற்று 36 நிமிடத்துக்கு வந்தது, இடையில் 8 சுற்றும் முடிந்தது.

மலை ஏற்றம் என்று இன்னொரு வழியும் இருக்கிறது. அழகர்கோயிலிலிருந்து பழமுதிர்ச்சோலைக்குப் போகும் சாலையில் ஏறி ஓடினால் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நல்ல பலம் கிடைக்கும். இறக்கத்தில்தான் முழங்கால் அடி வாங்கும், அதனால் இறங்கும்போது நடந்துவிடுங்கள். முதல் ஆறு மாதத்தில் இது அவசியமில்லை.

எனவே பயிற்சியை இப்போது முடித்தவர் என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். முதல் இரண்டு மூன்று மாதம் நேரத்தைக் கூட்டுங்கள், வேகத்தைத் தொடாதீர்கள். கை அரித்தால் ஓட்டத்தின் கடைசியில் 20 விநாடி வீதம் நாலு முறை கொஞ்சம் எட்டி ஓடுங்கள், போதும். அப்புறம் வாரம் ஒரு நாள் ஒரு கரை வேகம். 8 சுற்று நோவில்லாமல் வந்த பிறகு ரேஸ்கோர்ஸின் 400 மீட்டர் துண்டுகள். மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: நம் ஊரில் தூரம் கூட்ட ஏற்ற காலம் ஐப்பசியிலிருந்து மாசி வரை. சித்திரை, வைகாசியில் விடியற்காலையிலேயே புழுக்கம் பிடித்துவிடும். அப்போது நேரம் கூடினால் பயிற்சி போதவில்லை என்று எண்ணி வருந்த வேண்டாம். உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளவும் உழைப்பைச் செலவிடுகிறது.

மதினி கார்த்திகையில் மறுபடி தொடங்கினார், இந்த முறை என்னோடு, மெதுவாக. முன்பு எடுத்த வேகம் அவருக்குள் எங்கோ இருந்திருக்கிறது. நாலு சுற்றை இப்போது 37 நிமிடத்தில் ஓடுகிறார். முன் எலும்பை வாரம் ஒரு முறை அழுத்திப் பார்க்கிறார், வலி இல்லை. தெப்பத் திருவிழா அன்று கரை முழுக்கச் சனமாக இருக்கும், ஓட வழி இருக்காது. அன்றைக்கு ரேஸ்கோர்ஸில் பன்னிரண்டரை சுற்று ஓடுவதாக இருக்கிறோம், பேசிக்கொண்டே. கைக்கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவதாக மதினி சொல்லியிருக்கிறார்.